கிணற்றின் உரிமை

 

புதிதாக வீடு கட்ட முனைவோர், ஃபாத்திஹா ஓதி அடிக்கல் நாட்டுவதற்கு முன் எங்கள் மதரஸாவைத் தேடி வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஹஜ்ரத், கழிப்பறையில் உட்காரும்போது கிப்லாவை முன்னோக்கவும் கூடாது, பின்னோக்கவும் கூடாது அல்லவா? கொத்தனாரிடம் எப்படிச் சொல்வது?” என்பார்கள். நம் நாட்டில் கிப்லா மேற்கே இருப்பதால், வடக்கு தெற்காக அமைத்துவிட்டால் கவலையில்லை என்று சொல்லி அனுப்புவேன். கட்டடத்திற்குள் அமைந்த கழிப்பறைக்கு நம் ஷாஃபி மத்ஹபில் சலுகை இருந்தும், பேணுதலோடு கேட்கிறார்களே என்று உள்ளம் மகிழும்.

இக்கேள்வியை என்னிடம் கேட்டோர் பலர். ஆனால், “கழிவறைக் குழியைப் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி வெட்ட வேண்டும்?” என்று கேட்டவர் ஒருவரேனும் என் நினைவில் இல்லை. இதில் பிறரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. ஏனெனில் அக்கேள்வியை நானும் எவரிடமும் கேட்டதில்லை. என்னைக் கேட்க வைத்தது மதரஸாவின் பக்கத்து வீட்டுக் கிணறுதான்.

பெரியம்மா கேட்ட கேள்வி

எங்கள் ஊர் கடற்கரையை ஒட்டிய மணல் பூமி. மதரஸாவின் வடக்குச் சுவருக்கு அப்பால் கணவரை இழந்த ஒரு மூதாட்டி வசிக்கிறார். ஊரார் போலவே நாங்களும் அவரைப் பெரியம்மா என்றே அழைப்போம். அவருடைய பேத்தி தலைப்பிரசவத்திற்காக வந்திருந்தார். குழந்தை பிறந்த பின் தாய்ப்பால் போதாமல், பால் மாவைக் கரைத்துப் புட்டியில் கொடுக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. எந்தத் தண்ணீரில் கரைக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டார். “வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம்” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் உடனே அதை நிறுத்தச் சொல்லி, கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பும்படி எழுதிக் கொடுத்தார்.

சோதனை முடிவு வந்தது. நிறம் இல்லை, வாடை இல்லை, கலங்கலும் இல்லை. ஆனால் நைட்ரேட் என்னும் உப்பு, அனுமதிக்கப்பட்ட வரம்பைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பெரியம்மாவின் மகன் என்னிடம் வந்தார். இருவரும் சுவரின் இருபுறமும் அளந்து பார்த்தோம். எங்கள் விடுதி மாணவர்களின் கழிவறைக் குழிக்கும் அந்தக் கிணற்றுக்கும் இடையே இருந்த தூரம் இருபத்திரண்டு அடி!

அன்று மாலை மன்னிப்புக் கேட்கச் சென்றேன். பெரியம்மா என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாறாக, நடுங்கும் குரலில் கேட்டார்: “ஹஜ்ரத், ஐம்பது வருடமாக இந்தத் தண்ணீரில்தான் ஒளுச் செய்து தொழுதேன். என் தொழுகையெல்லாம் கூடியிருக்குமா?”

தொழுகை கூடும், ஆனால்...

பெரியம்மாவுக்கு நான் சொன்ன பதிலையே இங்கும் தருகிறேன். நீரின் தூய்மை பற்றி ஃபிக்ஹு நூல்கள் வகுத்திருக்கும் அளவுகோல் தெளிவானது. இரு குல்லத்துக்குக் குறையாத, அதாவது ஏறத்தாழ 200 லிட்டரும் அதற்கு மேற்பட்டதுமான நீரில் அசுத்தம் கலந்தால், அதன் நிறம், சுவை, வாடை ஆகிய மூன்றில் ஒன்றேனும் மாறினாலன்றி அந்நீர் நஜீஸ் ஆகாது. பெரியம்மாவின் கிணற்றில் இம்மூன்றும் மாறவில்லை. ஆகவே அவருடைய ஒளுவும் தொழுகையும் ஐயத்திற்கு இடமின்றி நிறைவேறின.

ஆனால் நம்மில் பலர் செய்யும் தவறு, ‘ஒளுவுக்கு ஆகுமான நீர் குடிப்பதற்கும் ஆகும்’ என்று எண்ணிக்கொள்வதாகும். நீர் தாஹிராக இருப்பது வேறு. உடலுக்குத் தீங்கற்றதாக இருப்பது வேறு. முன்னது வணக்கத்தைச் சார்ந்தது. பின்னது உயிரைப் பேணும் கடமையைச் சார்ந்தது. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, வாடையில்லை, நாக்குக்குத் தெரியும் சுவையும் இல்லை. கண்ணும் மூக்கும் நாக்கும் தோற்றுப்போகும் இடத்தில் சோதனைக் கூடம் ஒன்றே வழி.

மண்ணுக்குள் நடப்பது என்ன?

மனிதக் கழிவில், குறிப்பாகச் சிறுநீரில், நைட்ரஜன் மிகுந்துள்ளது. உடலிலிருந்து வெளியேறும் நைட்ரஜனில் ஐந்தில் நான்கு பங்கு சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. செப்டிக் தொட்டிக்குள் காற்றில்லை. அங்கே கனமானவை அடியில் படிகின்றன. நைட்ரஜனின் பெரும்பகுதி அமோனியாவாக மாறி, தெளிந்த நீருடன் வெளியே வருகிறது. அந்நீர் காற்றோட்டமுள்ள மணலில் இறங்கும்போது, மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கிருமிகளை மணல் வடிகட்டிப் பிடித்துக்கொள்ளும். சில அடி காய்ந்த மண்ணைக் கடப்பதற்குள் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துவிடும். நைட்ரேட்டையோ மண் பிடித்து வைப்பதில்லை. நீர் போகும் இடமெல்லாம் அதுவும் கூடவே போகும். ஆகவே, குழி ‘நன்றாக வேலை செய்கிறது’, நாற்றமில்லை, நிரம்பி வழிவதில்லை என்று நாம் நிம்மதியாக இருக்கும் காலத்திலும், அடுத்த வீட்டுக் கிணற்றை நோக்கி அது நடந்துகொண்டிருக்கும்.

இதன் தீங்கு முதன்மையாக ஆறு மாதத்திற்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் பச்சிளம் குழந்தைகளையே தாக்குகிறது. குழந்தையின் உடலுக்குள் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயு சுமக்க இயலாததாக்கிவிடுகிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் இந்நோயைக் கண்டு, 1945ஆம் ஆண்டில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் உலகிற்கு அறிவித்தார். இன்று இந்தியத் தரநிர்ணயம் குடிநீருக்கு வகுத்துள்ள வரம்பு, லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 50 மில்லிகிராம்.

தாய்மார்கள் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். குளோரின் இடுவதாலும் பயனில்லை. மெழுகுவர்த்தி வடிவ வடிகட்டியும் அதைத் தடுக்காது. ஆர்.ஓ. இயந்திரம் பெருமளவு குறைக்கும். ஆனால் அது கழித்து வெளியேற்றும் நீரில் அதே நைட்ரேட் செறிந்திருக்கும். அதை மீண்டும் கிணற்றடியில் ஊற்றினால், வாசல் வழியே விரட்டியதைக் கொல்லை வழியே அழைத்து வந்ததாகும். குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்த பாதுகாப்பு. தாய் குடிக்கும் நீரிலுள்ள நைட்ரேட் பாலில் பெரிதும் சேர்வதில்லை. அருள்மறை வலியுறுத்தும் பாலூட்டலில் இப்படியும் ஒரு நன்மை பொதிந்திருக்கிறது, அல்ஹம்து லில்லாஹ்!

வீட்டுக்கு ஏற்ற அமைப்பு

நம் ஊர்களில் செப்டிக் தொட்டி என்று சொல்லப்படுவதில் பல, தொட்டியே அல்ல. சிமெண்ட் உறைகளை ஊற்று மட்டம் வரை இறக்கி, அடியில் தளமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். அது கழிவை நேரே நிலத்தடி நீரில் கலக்கும் இன்னொரு கிணறு, அவ்வளவே. முறையான அமைப்பில் இரண்டு உறுப்புகள் உண்டு: கசிவற்ற தொட்டி ஒன்று, தொட்டியிலிருந்து வரும் நீரை மண்ணில் பரவலாகக் கசியவிடும் ஆழம் குறைந்த நீள் பள்ளங்கள் இன்னொன்று. இரண்டாவதைக் கசிவுப் பாத்தி என்று அழைப்போம்.

தொட்டி நான்கு புறமும் அடியும் பூசப்பட்டதாக, அகலத்தைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்கு நீளமுள்ளதாக இருக்க வேண்டும். பத்துப் பேர் கொண்ட குடும்பத்திற்கு 2 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம், 1.4 மீட்டர் நீராழம் என்று இந்தியத் தரநிர்ணயம் (ஐ.எஸ். 2470) வழிகாட்டுகிறது. இது இரண்டாண்டுக்கு ஒருமுறை சேற்றை அகற்றும் கணக்கு. பத்தாண்டுகள் திறந்தே பார்க்காத தொட்டியில் சேறு நிறைந்து, கசடு நேரே பாத்திக்கு ஓடி மண்ணின் துளைகளை அடைத்துவிடும்.

பாத்தியின் அளவை மண்ணே சொல்லும். பள்ளத்தின் ஆழத்திற்கு ஒரு சாண் அகலக் குழி தோண்டி, அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி பரப்பி, ஒரு அடி உயரத்திற்கு நீர் ஊற்றி ஒரு நாள் ஊறவிட வேண்டும். மறுநாள் மீண்டும் நீர் ஊற்றி, ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர், வற்றுவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். பத்து நிமிடம் ஆனால், ஒரு சதுர மீட்டர் பாத்தி நாளொன்றுக்கு 65 லிட்டர் நீரை ஏற்கும். முப்பது நிமிடம் ஆனால் 37 லிட்டர்தான். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனால் அந்த மண் இம்முறைக்கு ஏற்றதன்று.

ஆறு பேர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு 600 லிட்டர் கழிவுநீர் விடுவதாகக் கொள்வோம். பத்து நிமிட மண்ணில் அதற்கு 9.2 சதுர மீட்டர் வேண்டும். பள்ளம் இரண்டு அடி (60 சென்டிமீட்டர்) அகலமானால் மொத்த நீளம் சுமார் 16 மீட்டர். எட்டு மீட்டர் நீளத்தில் இரண்டு பள்ளங்கள் போதும். இரண்டுக்கும் நடுவே 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஆழம் ஒன்றரை அடி முதல் மூன்று அடிக்குள். அடியில் கழுவிய ஜல்லி, அதன் மேல் துளையிட்ட 75 முதல் 100 மில்லிமீட்டர் குழாய், மீண்டும் ஜல்லி, வைக்கோல் பரப்பு, அதன் மேல் மண். பாத்தியின் மேல் சிமெண்ட் தளம் போடுவதும் வாகனம் நிறுத்துவதும் கூடாது.

குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி, விலகியிருக்க வேண்டும். நம் கிணறு மட்டுமன்று, சுவருக்கு அப்பாலுள்ள கிணறும் இதில் அடங்கும். குடியிருப்பிலிருந்து 6 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஆறடிக்குள் ஏறி வரும் இடத்தில், பள்ளம் தோண்டாமல் தரைக்கு மேல் மண் மேடு எழுப்பி அதில் பாத்தி அமைக்க வேண்டும். கடற்கரை மணலில் ஓர் அங்குல நீர் ஒரு நிமிடத்திற்குள் வற்றிவிடும். அதைக் கண்டு மகிழ வேண்டாம். அவ்வளவு விரைந்து ஓடும் நீரைத் தூய்மைப்படுத்த மண்ணுக்கு அவகாசம் இல்லை. அங்கே சற்று இறுக்கமான மண்ணைக் கலந்து பாத்தி அடியில் பரப்புவதே முறை.

ஐந்து சென்ட் கணக்கு

இவ்வளவும் செய்துவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்ததா? கிருமியைப் பொறுத்தவரை பெரும்பாலும் தீர்ந்தது. நைட்ரேட்டைப் பொறுத்தவரை தீரவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நம் நாட்டு உணவு முறையில் ஒருவர் ஆண்டொன்றுக்கு வெளியேற்றும் நைட்ரஜன் ஏறத்தாழ 2.7 கிலோ என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். ஆறு பேருக்கு 16 கிலோ. அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் சுமார் 72 கிலோ. தொட்டியின் சேற்றிலும் மண்ணிலும் சரிபாதி கழிந்துவிட்டதாகத் தாராளமாக வைத்துக்கொள்வோம். மீதி 36 கிலோ. ஐந்து சென்ட் மனை என்பது சுமார் 202 சதுர மீட்டர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்து, ஒரு சொட்டும் வீணாகாமல் மண்ணில் இறங்கினாலும் கிடைப்பது 1,82,000 லிட்டர். வீட்டின் கழிவுநீர் ஆண்டுக்கு 2,19,000 லிட்டர். இரண்டும் சேர்ந்த 4,01,000 லிட்டரில் 36 கிலோ நைட்ரேட் கலந்தால், லிட்டருக்கு 90 மில்லிகிராம்! வரம்பைப் போல் இரு மடங்கு.

இதே குடும்பம் இருபது சென்ட் மனையில் வாழ்ந்தால் அது 38 மில்லிகிராமாகக் குறைந்து வரம்புக்குள் அடங்கிவிடும். நம் பாட்டன்மார் தோப்பும் துரவுமாக வாழ்ந்த காலத்தில் கிணறு கெடாமல் இருந்ததன் இரகசியம் இதுதான். அவர்கள் நம்மைவிட நல்ல குழி வெட்டியதால் அன்று. அவர்களின் வீடுகளுக்கு இடையே நிலம் இருந்தது. இன்று ஒரு தோப்பு பத்து மனைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு குழியும் ஓர் ஆழ்துளைக் கிணறும் முளைத்துவிட்டன.

குறைக்கும் வழிகள்

முதலாவது, சிறுநீரைப் பிரிப்பது. நைட்ரஜனில் பெரும்பங்கு அதிலேயே இருப்பதால், அதைத் தனியே வாங்கினால் சுமை வெகுவாகக் குறையும். திருச்சி மாவட்டம் முசிறியில், சிறுநீரும் மலமும் கழுவும் நீரும் தனித்தனியே செல்லும் கழிப்பறைகள் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அமைக்கப்பட்டன. தண்ணீரால் துப்புரவு செய்யும் நமக்கும் பொருந்தும் அமைப்பு அது. பிரித்த சிறுநீரை நீர் கலந்து தென்னைக்கும் வாழைக்கும் உரமாக்கலாம். நஜீஸான உரமிட்டு விளைந்தது என்பதால் விளைபொருள் நஜீஸ் ஆகிவிடாது. கையிலும் உடையிலும் படாமல் கவனித்தால் போதும்.

இரண்டாவது, பாத்தியை ஆழமாக்காமல் வேர் எட்டும் உயரத்தில் வைத்து, அருகே வாழையும் கல்வாழையும் நடுவது. அவை ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும்.

மூன்றாவது, பாத்தியின் அடியில் மரத்தூள் கலந்த மணல் படுகை ஒன்றை அமைப்பது. மேலடுக்கு மணலில் அமோனியா நைட்ரேட்டாக மாறும். கீழடுக்கில் ஈரமும் மரத்தூளும் சேர்ந்து காற்றில்லாத நிலையை உண்டாக்கும். அங்கு வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் மரத்தூளின் கரிமத்தை உணவாக்கிக்கொண்டு, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றோடு அனுப்பிவிடும். அமெரிக்காவின் கேப் காட் தீபகற்பமும் நம்மைப் போன்ற மணல் பூமிதான். ஒன்றரை அடி மணல், அதன் கீழ் ஒன்றரை அடி மணலும் மரத்தூளும் என்ற இந்த அடுக்கு முறையை அங்கே சோதித்துப் பயன்படுத்தி வருகிறார்கள்.

நான்காவது, ஒளுச் செய்த நீரையும் குளித்த நீரையும் குழியில் விடாமல் நேரே மரங்களுக்குப் பாய்ச்சுவது. ஐந்தாவது, கிணற்றடியில் ஆடு கட்டுவதையும் கோழி வளர்ப்பதையும் தவிர்ப்பது. குர்பானியின் இரத்தத்தையும் குடலையும் கிணற்றுக்கு அருகே புதைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதுவும் நைட்ரேட்டாக மாறும் பொருளே. வணக்கத்தின் மிச்சம் அண்டை வீட்டாருக்குத் தீங்காக முடியலாமா? ஆறாவது, கூரையில் விழும் மழைநீரைச் சாக்கடைக்கு அனுப்பாமல் மண்ணில் இறக்குவது. தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அந்தக் குழாய் இன்று சுவரில் அழகுக்கு நிற்கிறது.

என் இடம், என் உரிமை?

மதரஸா நிர்வாகக் கூட்டத்தில் இவ்விஷயத்தை வைத்தபோது ஓர் அன்பர் எழுந்து, “நம் எல்லைக்குள் நாம் குழி வெட்டியிருக்கிறோம். மார்க்கப்படி இதில் என்ன குற்றம்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தன் நிலத்தில் வழக்கத்திற்கு உட்பட்டு ஒருவர் செய்வதைத் தடுப்பதற்கு ஷாஃபி மத்ஹபு நூல்கள் எளிதில் இடம் தருவதில்லை. ஆனால் கழிவுக் குழியால் அண்டை வீட்டுக் கிணறு கெடுமாயின் அது மக்ரூஹ், வெறுக்கத்தக்கது, என்று அந்நூல்களே குறிப்பிடுகின்றன. ஹனஃபி மத்ஹபைத் தழுவி, 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசு தொகுத்த ‘மஜல்லா’ சட்டத் தொகுப்போ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பிறருடைய கிணற்றருகே கழிவுக் குழி அமைத்து அந்நீரைக் கெடுத்தால், அத்தீங்கு நீக்கப்பட வேண்டும். நீக்க வழியில்லையெனில் குழியே மூடப்பட வேண்டும் என்பது அதன் 1212ஆம் பிரிவு. நைட்ரேட் என்ற சொல்லையே அறியாத காலத்தில் நம் சட்ட அறிஞர்கள் எவ்வளவு நுணுகி நோக்கியிருக்கிறார்கள்!

நீர்நிலையிலும் நடைபாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்யலாகாது என்ற நபிவழித் தடையை நம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறோம். கண்ணுக்குத் தெரியும் குளத்தில் அசுத்தம் செய்வது தடுக்கப்பட்டதென்றால், கண்ணுக்குத் தெரியாத ஊற்றில் செய்வது மட்டும் எப்படி அனுமதியாகும்? நான் இதைச் சொன்னதும் அந்த அன்பரே, “அப்படியானால் குழியை மூடிவிடுவோம்” என்றார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக!

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் கவனிக்க வேண்டிய படிப்பினை ஒன்றும் உண்டு. தூத்துக்குடியிலிருந்து தோணிகள் சென்று வரும் மாலத்தீவின் தலைநகர் மாலே, முஸ்லிம்கள் வாழும் மணல் தீவு. உப்பு நீருக்கு மேல் மெல்லிய படலமாக நின்ற நன்னீரே அவர்களின் கிணறுகளுக்கு ஆதாரம். ஒரே வளவுக்குள் கிணறும் கழிவிடமும் இருந்தன. மக்கள் பெருகியதும் ஊற்று கெட்டது. 1978ஆம் ஆண்டில் அந்நாட்டைக் காலரா தாக்கியது. அதன் பின்னரே, 1980களில், தீவு முழுவதற்கும் பொதுவான கழிவுநீர்க் குழாய்கள் இடப்பட்டன. கடல்நீரைக் குடிநீராக்கும் ஏற்பாடும் வந்தது. நெருங்கிய வீடுகள் கொண்ட தெருவில் ஒரு வீடு மட்டும் திருந்துவதால் ஊற்று தெளியாது. பாதாளச் சாக்கடை கேட்டு நகராட்சிக்கு மனுக் கொடுப்பதும், அது வரும் வரை நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒரு பொதுப் பாத்தி அமைப்பதும், ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் கிணற்று நீரைச் சோதிப்பதும் ஜமாஅத் முன்னின்று நடத்த வேண்டிய காரியங்கள்.

பொறுத்துக்கொண்ட பெரியம்மா

எங்கள் பழைய குழியில் இருந்ததை அகற்றி, மண்ணிட்டு மூடிவிட்டோம். கசிவற்ற தொட்டி கட்டி, தெற்கே உள்ள தென்னந்தோப்பில், எந்தக் கிணற்றுக்கும் எழுபது அடிக்குக் குறையாத இடத்தில், மரத்தூள் படுகையுடன் பாத்தி அமைத்தோம். மாணவர்களின் சிறுநீர்ப் புரைகளுக்குத் தனிக் குழாய் இட்டோம். ஹவ்ளிலிருந்து வழியும் ஒளு நீர் இப்போது தென்னைக்குப் பாய்கிறது. பெரியம்மா வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு பெற்றுத் தந்தோம். குழந்தை நலமாக இருக்கிறது, அல்ஹம்து லில்லாஹ்!

கிணறுதான் இன்னும் முழுமையாக நலம் பெறவில்லை. நிலத்தடி நீர் மெல்ல நடப்பது. பல ஆண்டுகள் நாம் சேர்த்ததை அது ஒரே மழையில் கழுவிவிடாது. இரண்டு மழைக்காலம் கடந்து மீண்டும் சோதித்தோம். நைட்ரேட் குறைந்திருக்கிறது; ஆனால் வரம்புக்குள் வரவில்லை. இன்ஷா அல்லாஹ், வரும் ஆண்டும் சோதிப்போம்.

அல்லாஹ்வுக்குச் செய்யும் கடமையில் குறை வைத்தால் அவனிடம் மன்றாடலாம். அடியாருக்குச் செய்த தீங்கை அந்த அடியார் பொறுத்தாலன்றி வேறு வழியில்லை. ஆகவே இரண்டாம் முறையும் பெரியம்மாவிடம் சென்று, “எங்களுக்காக இதை ஹலாலாக்கித் தாருங்கள்” என்று கேட்டேன். “பிள்ளைகள் ஓதுகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது ஹஜ்ரத். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறவள் நான். எப்போதோ பொறுத்துவிட்டேன்” என்றார்.

வீடு கட்டப்போகும் அன்பர்களே! கிப்லாவின் திசையை அவசியம் கேளுங்கள். அதே மூச்சில், சுவருக்கு அப்பால் கிணறு எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.